ஃபைபர் பம்பரும் பொய் எழுத்தும்: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: இருக்கிற காரை அதைவிட விலை கூடிய காராகக் காட்டுவது. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் 2011 ஆடி டிடி கார் எடுத்து வந்தேன். 2 லிட்டர் இன்ஜின். அதே காரின் சக்தியும் விலையும் கூடிய மாடலான டிடி ஆர்எஸ் போல முன் பம்பர், பக்கவாட்டு ஸ்கர்ட், பின்னால் அசையாத விங் (இறக்கை போன்ற பலகை) எல்லாம் ஃபைபரில் செய்து பெயின்ட் அடிக்க 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். பில் வேண்டாம் என்றால் 20,000 குறைப்பார்களாம். செய்யலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். இது என்னை வெகுநாளாக உறுத்துகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆர்எஸ் வண்டியில் இருப்பது 2.5 லிட்டர், 5 சிலிண்டர் டர்போ இன்ஜின். அதன் முன் பம்பரில் உள்ள பெரிய வாய்கள் அந்த இன்ஜினைக் குளிர்விக்கக் காற்று போவதற்காக வைத்தவை. ஃபைபர் நகலில் அந்த வாய்க்குப் பின்னால் பெரும்பாலும் வெறும் வலைதான் இருக்கும். சில கடைகளில் வாயைத் திறந்துவிடுகிறார்கள், ஆனால் காற்றை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் தடுப்பை வைப்பதில்லை. சித்திரை வெயிலில் தஞ்சாவூர் சாலை நெரிசலில் நிற்கும்போது அதன் பலன் தெரியும்.

விங் விஷயம் இன்னும் முக்கியம். 1998-இல் வந்த முதல் டிடியின் பின்புறத்தில் ஸ்பாய்லரே (வேகத்தில் காற்று வண்டியைத் தூக்காமல் தடுக்கும் பலகை) கிடையாது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் அது பிடி இழந்து விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகுதான் ஆடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்படுத்தும் கருவியும் பொருத்திக் கொடுத்தது. உங்கள் வண்டியில் 120 கிலோமீட்டர் வேகத்தில் தானாக எழும்புகிறதே ஒரு ஸ்பாய்லர், அது அந்த விபத்துகளின் பாடம். அதைக் கழற்றிவிட்டு, எந்தச் சோதனையும் பார்க்காத ஒரு ஃபைபர் பலகையைத் திருக ஆசைப்படுகிறீர்கள்.

அடுத்தது உடம்பு. உங்கள் தலைமுறை டிடியில் பாடி ஏறக்குறைய 69 சதவீதம் அலுமினியம், மீதி இரும்பு; இரும்பு பெரும்பாலும் பின்பகுதியில். முன்புற அலுமினியத்தில் டிரில் போட்டு இரும்புத் திருகு ஏற்றினால், ஈரம் படும்போது இரண்டு உலோகமும் ஒன்றுக்கொன்று ஆகாது. அரிப்பது அலுமினியம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், வேளாங்கண்ணிக்குப் போய்வரும்போது படும் உப்புக் காற்றும் போதும்; இரண்டு வருடத்தில் திருகைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளிக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் சுவாமிமலை. அங்கே ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் வார்க்கிறார். பிறகு அந்த மண் அச்சை உடைத்துவிடுகிறார். ஒரு சிலைக்கு ஓர் அச்சு. இப்படி பம்பர், ஸ்கர்ட், விங் என்று ஃபைபர் கிட் செய்கிறவர்களில் பலர் நேர்மாறு. ஒருவர் விற்ற பம்பரின் மேலேயே அச்சு எடுத்து அடுத்தவர் செய்கிறார், அவருடையதிலிருந்து இன்னொருவர். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, உங்களிடம் வரும்போது ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் இடையே விரல் போகும். அதைப் பட்டி வைத்து அடைப்பார்கள். வேகத்தடையில் நாலு முறை ஏறி இறங்கினால் பட்டி விரியும்.

நானும் 2008-இல் என் பழைய காருக்கு இப்படி ஒரு முன் பம்பர் வாங்கினேன், 22,000 ரூபாய். உட்காரவில்லை என்று கடைக்காரர் பம்பருக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தை அறுத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது மோதலைத் தாங்கும் சட்டம் என்று தெரியாமல். ஐந்து மாதம் கழித்து பாபநாசம் அருகே ஒரு மாட்டு வண்டியில் மெதுவாகத்தான் இடித்தேன். ரேடியேட்டர் உள்ளே வந்துவிட்டது. மனைவியும் மகளும் காரில் இருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைக்காரரிடம் போனபோது, பில் இல்லையே, நான் செய்ததற்கு என்ன அத்தாட்சி என்றார்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவர் நாளைக்கு உங்களைத் தெரியாது என்று சொல்வதற்கான உரிமையை 20,000 ரூபாய்க்கு உங்களிடமிருந்து வாங்குகிறார். அதை விற்காதீர்கள்.

முகம் மாறியே ஆக வேண்டும் என்றால், கம்பெனி பம்பரையே பார்ட் நம்பர் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். இருக்கிற சட்டத்தில் கை வைக்க விடாதீர்கள். விங்கை மறந்துவிடுங்கள்.

கேள்வி: கிட் எதுவும் வேண்டாம், ஆர்எஸ் எழுத்தை மட்டும் ஒட்டிக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வண்டியை விற்கும் நாளில் அதைக் கழற்றுவீர்களா? மாட்டீர்கள் என்றால் ஒட்டாதீர்கள்.

கேள்வி: மட்கார்டை அகலப்படுத்தி, நிறத்தையும் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரச்சினை வருமா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் (பதிவுச் சான்று) முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறத்தை ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் பதிந்து மாற்றலாம். அகலத்தை விடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பான்டியாக் ஃபியரோ என்ற பழைய காரை ஃபெராரியாக மாற்றுகிறார்களே, நம் ஊர்ப் பட்டறையில் ஏன் முடியாது? கல்லூரி மாணவன். (மயிலாடுதுறை)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 1984 முதல் 1988 வரை வந்த ஃபியரோவுக்கு உள்ளே தனி இரும்புக்கூடு. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பலகைகள் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. பாரம் தாங்குவது கூடுதான். இன்ஜினும் நடுவில், ஃபெராரி போலவே. அதனால் தோலை உரித்து வேறு தோல் போட முடிந்தது. நம் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு பாடியே எலும்பு. அதை வெட்டினால் வண்டியின் பலம் போகும். இன்னொன்றும் தெரிந்துகொள்: ஃபைபரில் ஃபெராரி நகல் செய்து விற்ற ஒருவரை அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1991-இல் மேல்முறையீட்டிலும் விற்றவர் தோற்றார். இந்த ஆர்வத்தோடு டிங்கரிங் பட்டறையில் ஒரு விடுமுறைக் காலம் போய் வேலை பழகு. காசு கேட்காதே.

கேள்வி: கிட் போட்ட கார் பாமணி ஆற்றுப் பாலத்தில் இடித்துவிட்டது. இன்ஷூரன்ஸில் கிட்டுக்குப் பணம் தர மறுக்கிறார்கள். (மன்னார்குடி)

பதில்: பாலிசி எடுக்கும்போது சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லாத பொருளுக்குப் பிரீமியம் கட்டவில்லை, பணமும் வராது. சொல்லியிருந்தாலும் சாதாரண பாலிசியில் ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து கார்பன் ஃபைபர் பானட்டுக்கு 65,000 முழுப் பணமும் அனுப்பினேன். வந்தது சாதா ஃபைபரில் கார்பன் டிசைன் படம் ஒட்டியது. பில் இல்லை. முன்பு இரண்டு முறை வேறு ஆட்களிடமும் இப்படி ஆனது. (பட்டுக்கோட்டை)

பதில்: மூன்றாவது முறை! முகவரி கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை. நெசவு முன்னால் மட்டும் தெரிந்து, பின்னால் வெள்ளை ஃபைபர் என்றால் அது படம்தான். இதைக் காசு போகும் முன் கேட்டிருக்க வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இன்றே போன் செய்து பணப் பரிமாற்ற எண்ணைக் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். இது முடியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து சிறுகச் சிறுக அனுப்பிய பணத்தில், அவன் ஆசைப்பட்ட மெர்சிடிஸ் சி 63 ஏஎம்ஜி என்று பழைய கார் ஷோரூமில் 19 லட்சத்துக்கு என் பெயரில் வாங்கினேன். சர்வீஸுக்கு விட்டபோது இது சி 200, வெளியே மட்டும் மாற்றியது என்கிறார்கள். ஆர்.சி.யில் 1796 சி.சி. என்று இருக்கிறது. எனக்கு அதெல்லாம் புரியவில்லை ஐயா. என் அறியாமைதான். (நன்னிலம்)

பதில்: அம்மா, தவறு உங்களுடையது இல்லை. அந்தத் தலைமுறை சி 63-க்கு இன்ஜின் 6208 சி.சி., 8 சிலிண்டர். கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஆர்.சி.யைப் பார்த்த அந்த நிமிடமே இது தெரியும். தெரிந்தே விற்றிருக்கிறார்.

ஒரு பொருளை இன்ன மாடல் என்று பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 10 முதல் 20 லட்சம் வரை கொடுத்த விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தெரிந்தே ஏமாற்றியதற்குக் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

அதற்கு முன் மூன்று வேலை. சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரை வைத்து, கம்பெனியிலிருந்து எந்த மாடலாக வந்த வண்டி என்று எழுத்தில் வாங்குங்கள். ஷோரூம் கொடுத்த விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, பணம் போன வங்கி விவரம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வண்டியில் எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம், அது இருக்கிறபடியே சாட்சி. மனுவை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.