குகைக்குள் விளக்கு அணைந்தால்?

கேள்வி: முதல்முறையாகக் குகைப் பயணம் போகிறேன். ஹெட்லாம்ப்பை ஏற்பாட்டாளரே தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? உள்ளே அணைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: போதாது. ஆளுக்கு மூன்று விளக்கு என்பது குகைக்குள் போகிறவர்களின் பழைய விதி. மூன்றுக்கும் தனித்தனி பேட்டரி வேண்டும். ஊர்ந்து போக இரண்டு கையும் தேவைப்படும் என்பதால் குறைந்தது இரண்டு விளக்காவது தலையில் மாட்டக்கூடியதாக இருக்கட்டும். செல்போனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அணைந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். கண் பழகட்டும் என்று காத்திருப்பது வீண். பழகுவதற்கு அங்கே துளி வெளிச்சமும் கிடையாது. முகத்துக்கு முன் ஆட்டும் கை தெரிவதுபோல் இருந்தால், அது மூளையின் ஜாலம். நான் பழகிய காலத்தில் குழுத்தலைவர் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, இருட்டிலேயே பேட்டரி மாற்ற வைப்பார். சேறு அப்பிய விரலால் ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டிருக்கும்போதே ஒரு பேட்டரி நழுவிப் பாறை இடுக்கில் உருண்டோடும். எனவே மாற்று பேட்டரியைவிட மாற்று விளக்கே மேல். ஒன்றைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கிப் போகும் சுற்றுலாக் குகை என்றால் இவ்வளவும் வேண்டாம். ஒரு டார்ச் போதும். ஆனால் கைப்பிடியும் மின்விளக்கும் பாதி வழியோடு நின்றுவிட்டால் மீதிக்கு மூன்று விளக்கு வேண்டும். பாதையை விட்டு இறக்கி, ‘சாகசப் பகுதி’ என்று தனிக் கட்டணம் கேட்டாலும் மூன்றுதான்.

எனக்கு உங்கள் விளக்கைவிட அந்த ஏற்பாட்டாளர்மீதுதான் கவலை. ‘அனுபவம் தேவையில்லை’ என்று ஆள் சேர்த்து, இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிற தரகர்கள் இந்தத் துறையில் மலிந்துவிட்டார்கள். ‘எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ படிவத்தில் கையெழுத்து வாங்கும் சுறுசுறுப்பு, பேட்டரியைச் சோதிப்பதில் இருக்காது. விபத்து நடந்தால் குகைக்குப் பூட்டுப் போடத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, அழைத்துப் போனவரின் தகுதியை முன்பே விசாரிக்கத் தோன்றுவதில்லை.

நீங்களே விசாரியுங்கள். கூட வருபவர் இதே குகைக்குள் முன்பு போனவரா? திரும்பும் நேரம் வெளியே யாருக்குத் தெரியும்? மழை வந்தால் ரத்து செய்வார்களா? 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் வழிமறித்தது மழைவெள்ளம். கடைசி ஆளை மீட்டபோது ஜூலை 10 ஆகிவிட்டது.

‘சொந்த விளக்கெல்லாம் எதற்கு, நாங்கள் இருக்கிறோமே’ என்று அவர் சிரித்தால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.