நேரடி ரைட்டும் ஃப்ளஷ்ஷும்: கேள்வி பதில்

லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்தான் என் வேலை. அதற்குள் வருவதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன், மற்றவற்றுக்கு ஆளை விடுங்கள்.

கேள்வி: ஓ_டைரக்ட், அதாவது நேரடி ரைட் குறி, போட்டு எழுதினால் டேட்டா பத்திரம்தானே?

இல்லை. கர்னல் மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ் உண்டு. கரண்ட் போனால் அதில் இருப்பதும் போகும். கூடவே ஓ_டிசிங்க் போடுங்கள், அல்லது எழுதியபின் எஃப்டேட்டாசிங்க் கூப்பிடுங்கள். இரண்டுமே டேட்டா டிஸ்க்கில் நிலையாக இறங்கும்வரை காத்திருப்பவை. டிஸ்க்கின் கேஷை இறக்கச் சொல்லும் கட்டளைக்குப் பெயர்தான் ஃப்ளஷ்.

கேள்வி: சார், ஓ_டைரக்ட், ஓ_டிசிங்க் இரண்டும் போட்டிருக்கிறேன். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், டிஸ்க் என்விஎம்இ எஸ்எஸ்டி. ஃபாலோகேட் செய்து இடமும் ஒதுக்கியாயிற்று. இருந்தும் 4 கேபி ரைட் ஒவ்வொன்றும் இழுக்கிறது.

அந்த ஃபாலோகேட்தான் வினை. அது பிளாக்குகளை ஒதுக்கி, ‘இன்னும் எழுதப்படவில்லை’ என்று குறி போட்டு வைக்கிறது. நீங்கள் முதல்முறை எழுதும்போது டேட்டா போன கையோடு அந்தக் குறியையும் மாற்றியாக வேண்டும். அது மெட்டாடேட்டா (டேட்டாவைப் பற்றி ஃபைல் சிஸ்டம் வைக்கும் கணக்கு) என்பதால் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறிக்கும் பதிவேடு) ஏறி, ஃப்ளஷ் ஆகித்தான் உங்கள் அழைப்பு திரும்பும். ஒரு ரைட்டுக்குப் பின்னால் இத்தனை வேலை.

ஃபைல் முழுக்க ஒருமுறை பூஜ்யத்தை நிஜமாகவே எழுதி, எஃப்சிங்க் கூப்பிட்டு டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள். ஃபாலோகேட்டின் ‘ஜீரோ ரேஞ்ச்’ வேண்டாம், அதுவும் பெரும்பாலும் அதே குறியைத்தான் போடும். அப்புறம் அதே ஃபைலையே திரும்பத் திரும்ப மேலெழுதுங்கள். மாற்ற மெட்டாடேட்டா இல்லை என்றால், 2018-இல் வந்த 4.18 கர்னலிலிருந்து எக்ஸ்எஃப்எஸ் தனி ஃப்ளஷ்ஷை விட்டுவிட்டு எஃப்யுஏ குறியோடு ஒரே ரைட்டாக அனுப்புகிறது. ஃப்ளஷ் என்றால் கேஷில் இருப்பது யாருடையதானாலும் மொத்தமும் இறங்க வேண்டும். எஃப்யுஏ என்றால் இந்த ரைட் மட்டும்.

என் லாக் ஃபைல் ஒன்றை, டிஸ்க்குக்குப் போகும் கட்டளைகளைக் காட்டும் பிளாக்ட்ரேஸில் வைத்துப் பார்த்தேன். முன்பு ஒவ்வொரு 4 கேபிக்கும் பின்னால் ஜர்னல் ரைட்டும் ஃப்ளஷ்ஷும் வரிசை கட்டி நின்றன. பூஜ்யம் நிரப்பிய பிறகு ஒற்றை வரி.

இரண்டு இடத்தில் இது கெடும். ஓ_டிசிங்க்குக்குப் பதில் ஓ_சிங்க் போட்டால் நேரமுத்திரையும் டிஸ்க்கில் ஏற வேண்டும், எஃப்யுஏ வழி மூடிவிடும். ஃபைலை ரிஃப்ளிங்க் நகல் (அதே பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்ளும் நகல்) எடுத்தால் அடுத்த ரைட்டுக்குப் புது பிளாக் தேட வேண்டும், பழைய கதை மறுபடி தொடங்கும்.

கேள்வி: டேட்டாபேஸில் எந்த செட்டிங் வைக்கலாம்?

அந்த டேட்டாபேஸ்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஓ_டைரக்ட் மட்டும் போதாதா?

முதல் பதில்.

கேள்வி: கர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ரைட்_கேஷ் ஃபைலில் ‘ரைட் த்ரூ’ என்று எழுதினேன். வேகம் பறக்கிறது! இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஐயோ, உடனே பழையபடி மாற்றுங்கள். அது டிஸ்க்கின் கேஷை அணைக்காது. ‘இந்த டிஸ்க்கில் கேஷே இல்லை’ என்று கர்னலை நம்பவைக்கிறது, கர்னலும் ஃப்ளஷ் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. நீங்கள் பார்த்தது வேகமில்லை, பொய்.

அவரே மீண்டும்: யுபிஎஸ் இருக்கிறதே?

யுபிஎஸ்ஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பவர் சப்ளை இருக்கிறது, கேபிள் இருக்கிறது, அதை இடறும் கால் இருக்கிறது.

இன்னொருவர்: என் எஸ்எஸ்டியில் மின்தேக்கி இருக்கிறது. கரண்ட் போனாலும் கேஷை இறக்கிவிடும். எனக்கு ஃப்ளஷ் வீண்தானே?

உங்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அத்தகைய டிஸ்க் பெரும்பாலும் ஃப்ளஷ்ஷுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடும். அணைத்து மிச்சப்படுவது அற்பம். நாளைக்கு அந்த டிஸ்க்கைக் கழற்றி மின்தேக்கி இல்லாததை மாட்டுவார்கள், உங்கள் ஸ்கிரிப்ட் மட்டும் அப்படியே ஓடும். எக்ஸ்எஃப்எஸ் 4.19 கர்னலில், ஃப்ளஷ்ஷை அணைக்கும் ‘நோபேரியர்’ மவுண்ட் ஆப்ஷனையே தூக்கிவிட்டது.

ஃப்ளஷ் நிஜமாகவே நடக்கிறதா என்று சந்தேகமிருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரே பிளாக்கை ஒன்றன்பின் ஒன்றாக ஓ_டிசிங்க்கில் மேலெழுதினால் நொடிக்குச் சுமார் 120-க்கு மேல் போக வழியில்லை. 5000 காட்டினால் பதில் சொல்வது கேஷ்.

கேள்வி: எஃப்சிங்க் பிழை தந்தது, மறுபடி கூப்பிட்டேன், சரியாகிவிட்டது.

சரியாகவில்லை. பேஜ் கேஷ் வழியாக எழுதியிருந்தால், முதல் தோல்வியிலேயே லினக்ஸ் அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்திருக்கலாம். இரண்டாவது அழைப்புக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லாததால் வெற்றி என்கிறது. 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆட்களைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் இதுதான். இப்போது அங்கே எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி, லாக்கிலிருந்து மீட்கிறார்கள். நீங்களும் உங்கள் பிரதியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஓ_டைரக்ட் இருந்தால் எஃப்சிங்க் எதற்கு?

மேலே போங்கள்.