படை இல்லாத நீதிமன்றம் அதிபரை எப்படித் தடுக்கிறது?

வணக்கம். அமெரிக்க அதிபரிடம் ராணுவம் இருக்கிறது, நிதி நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது, இரண்டும் இல்லாத உச்ச நீதிமன்றம் யாரைத் தடுக்க முடியும் என்று கேட்டிருந்தீர்கள். தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னதால், 1952 உருக்காலை வழக்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொரியப் போர் நேரம். உருக்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அதிபர் ட்ரூமன் ஏப்ரலில் ஆலைகளை அரசு வசம் எடுக்க ஆணையிட்டார். வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அது அவர் வீட்டோ செய்து (ஒப்புதல் தர மறுத்து) திருப்பி அனுப்பியும், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு மீண்டும் நிறைவேற்றிய சட்டம். அதை அவர் தொடவில்லை. அந்தச் சட்டத்தை விவாதித்தபோதே, ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரம் தர நாடாளுமன்றம் மறுத்திருந்தது. வழக்கில் இதுதான் அவருக்கு எதிராக நின்றது.

ஆலைகளை எடுத்தது செல்லாது என்று ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. ட்ரூமனுக்கு எதிராக வாக்களித்த ஆறு நீதிபதிகளில் பர்ட்டன், கிளார்க் இருவரும் ட்ரூமனே நியமித்தவர்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இது. வாழ்நாள் பதவி என்பதால் நியமித்தவருக்கு அவர்கள் கடன்பட்டவர்கள் இல்லை.

ட்ரூமன் ஆலைகளை உடனே திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் வெடித்து ஏழு வாரத்துக்கு மேல் நீடித்தது. அப்போதும் அவர் தீர்ப்பை மீறவில்லை.

விடையில், அந்த ஆறு பேரில் ஒருவரான நீதிபதி ஜாக்சன் தீர்ப்போடு உடன்பட்டுத் தனியாக எழுதிய கருத்தைக் கட்டாயம் சேருங்கள்: நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு செயல்படும்போது அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும், அதன் விருப்பத்துக்கு எதிராகப் போகும்போது அடிமட்டத்தில் இருக்கும்.