வேலை முடியாத கடைக்கு வாடகை எந்த நாளிலிருந்து?

கேள்வி: கோவையில் புதிதாகக் கட்டிய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் 1,400 சதுர அடி இடத்தை, உட்கார்ந்து சாப்பிடும் வசதியுள்ள பேக்கரி நடத்துவதற்காக ஒன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பேசியிருக்கிறேன். வாடகை சதுர அடிக்கு 70 ரூபாய். இப்போது அங்கே ஷட்டரும் சிமென்ட் தரையும் மட்டுமே உள்ளன. மும்முனை மின் இணைப்பு இன்னும் வரவில்லை. இன்டீரியர் வேலைக்கு 75 நாள் ஆகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். கையெழுத்திடும் நாளிலிருந்தே வாடகை தர வேண்டும் என்கிறார் உரிமையாளர். இது முறைதானா?

பதில்: சட்டப்படி அவர் அப்படிக் கேட்பதற்குத் தடை இல்லை, ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வாடகை தொடங்கும் நாளை இரு தரப்பின் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் இதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான், ஏனெனில் குத்தகை தொடங்கும் நாள் குறிப்பிடப்படாதபோது அது எழுதப்பட்ட நாளிலிருந்தே தொடங்குவதாக 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 110 ஆவது பிரிவில் கூறுகிறது.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். மாத வாடகை 98,000 ரூபாய் என்றால் 75 நாளுக்கு 2,45,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,89,100 ரூபாய். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெறாதவராக இருந்தாலும், நீங்கள் வழக்கமான முறையில் பதிவு பெற்றவரானால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே நேரடியாகச் செலுத்த வேண்டும். உணவகச் சேவைக்கான 5 விழுக்காட்டு வரி முறையில் உள்ளீட்டு வரியை, அதாவது வாடகை போன்ற செலவுகளின் மீது கட்டிய வரியை, திரும்பப் பெற முடியாது என்பதால், அது முழுவதும் உங்கள் கைச்செலவாகிவிடும்.

கையெழுத்திடும் நாள், சாவி கைக்கு வரும் நாள், உரிமையாளர் தம் பங்கு வேலையை முடிக்கும் நாள், கடை திறக்கும் நாள் ஆகிய நான்கும் வெவ்வேறு நாட்கள். கடை திறக்கும் நாளிலிருந்துதான் தருவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் உரிமையாளர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. நீங்கள் ஓராண்டு இழுத்தடித்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: "மும்முனை மின் இணைப்பும் தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளும் உள்ள நிலையில் சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 75 நாள் முடிந்த மறுநாள், அல்லது கடை வாடிக்கையாளருக்குத் திறக்கப்படும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அன்று முதல் வாடகை தொடங்கும்."

மின் இணைப்புதான் உங்கள் விஷயத்தில் முக்கியம், ஏனெனில் அடுப்பும் குளிர்பெட்டியும் பொருத்திய பிறகும் மின்சாரம் இல்லாமல் ஒரு ரொட்டி கூடச் சுட முடியாது. எத்தனை கிலோவாட், விண்ணப்பிப்பது யார், கட்டணம் யாருடையது என்பதை எழுதுங்கள். அந்தக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தேவைப்படுமானால் அதைப் பெறுவது உரிமையாளரின் பொறுப்பு என்றும், அவர் பக்கத் தாமதம் எத்தனை நாளோ அத்தனை நாள் வாடகைத் தொடக்கமும் தள்ளிப்போகும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் இடம் தயாராகாவிட்டால் அட்வான்ஸை முழுவதுமாகத் திரும்பப் பெற்று விலகும் உரிமையும் வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது வாடகை உயர்வு. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு என்று பேசியிருந்தால், அந்த மூன்றாண்டும், லாக்-இன் காலமும் (குத்தகையிலிருந்து இடையில் விலக முடியாத காலம்) வாடகை தொடங்கும் நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். இல்லையெனில் இன்று பெற்ற சலுகையில் ஒரு பகுதி அங்கே கழன்றுவிடும். 75 நாளும் முழுவதுமாக விட உரிமையாளர் மறுத்தால், முதல் 45 நாள் வாடகையின்றியும் மீதி 30 நாள் பாதி வாடகையிலும் என்று பேசிப் பார்க்கலாம். வேலை நடக்கும் காலத்து மின் கட்டணத்தை நீங்கள் ஏற்பதுதான் நியாயம்.

"அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பத்திரப் பதிவு கட்டாயம். பதிவான ஆவணத்துக்கு மாறான வாய்மொழி உறுதியை வைத்துப் பின்னர் வாதாடுவது மிகக் கடினம். சாவி வாங்கும் நாளில், மின் மீட்டர் அளவையும் முடிந்த, முடியாத வேலைகளையும் குறித்த ஒரு பக்கக் கடிதத்தில் இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். 75 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.