கூறு தக்காளி கிலோ என்ன விலை?

*எங்கள் தெருவில் நல்ல காய்கறி மலிவாகக் கிடைப்பதில்லை. பக்கத்துக் கல்லூரி ஒன்று, சேர்ந்து ஆய்வு செய்யலாம் என்கிறது. முன்பு வந்த ஒரு குழு படிவம் நிரப்பிக்கொண்டு போனது, திரும்பி வரவே இல்லை. இந்த முறை எதையெல்லாம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?*
– மகளிர் குழு உறுப்பினர், மதுரை

படிவம் அச்சாகும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கேள்விகளெல்லாம் தயாரான பிறகு உங்களைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் கூட்டாய்வு இல்லை. வீடு காட்ட ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரே பக்கத்தில், தமிழில், ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எதைக் கண்டறியப் போகிறோம், தாள்கள் யாரிடம் இருக்கும், முடிவை எந்தத் தேதிக்குள் உங்கள் தெருவில் வாசித்துக் காட்டுவார்கள் என்பது அதில் இருக்கட்டும். கணக்கெடுக்கும் உங்கள் பெண்களுக்கு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் நிதி விண்ணப்பத்திலேயே இடம்பெற வேண்டும். பிறகு கேட்டால் "அந்தத் தலைப்பில் பணம் இல்லை" என்றுதான் பதில் வரும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது பருவத் தேர்வால். மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுவார்கள், தக்காளி விலை அவர்களுக்காகக் காத்திருக்காது. மாணவர் இல்லாமலே எடை போட்டு எழுதத் தெரிந்தவர்கள் உங்களில் இரண்டு பேராவது வேண்டும்.

*கிலோ விலையைக் கேட்டு எழுதச் சொல்கிறார்கள். இங்கே பாதிப் பேர் கூறு போட்டுத்தான் விற்கிறார்கள். எப்படி எழுதுவது?*
– இளங்கலை மாணவி, திருச்சி

விலையைக் கேட்காதீர்கள், காசு கொடுத்து வாங்குங்கள். நோட்டும் பேனாவுமாக நிற்பவருக்குச் சொல்லும் விலை வேறு, பையோடு நிற்பவருக்குச் சொல்லும் விலை வேறு.

5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு ஒன்று போதும். தினமும் காலையில் ஒரு எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். 20 ரூபாய்க் கூறு 350 கிராம் இருந்தால் கிலோ 57 ரூபாய். அதில் நசுங்கியது 50 கிராம் கழிந்தால் 67 ரூபாய். பெரிய கடைப் பலகையில் 40 என்று எழுதியிருக்கலாம், ஆனால் அங்கே போய்வரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கீரைக்கட்டை நீரை உதறிவிட்டு ஒரு முறையும், வேரும் முற்றிய தண்டும் நீக்கி ஒரு முறையும் நிறுக்க வேண்டும். தண்ணீர் தெளித்த கட்டு தராசை ஏமாற்றிவிடும்.

ஒவ்வொரு முறையும் அதே ஆறு கடைகள், அதே எட்டுப் பொருள்கள். காலை 7, பகல் 11, இரவு 7 என மூன்று வேளையும் எடுங்கள். கூலி வாங்கிக்கொண்டு வருபவர்கள் காய் வாங்குவது இரவில்தான். காலை விலையை மட்டும் எடுத்தால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். மாதத்தின் முதல் வாரம், கடைசி வாரம் இரண்டும் வேண்டும்.

வியாபாரியின் பக்கத்தையும் எழுதுங்கள்: கொள்முதல் விலை, ஆட்டோ வாடகை, அழுகல், தண்டல் வட்டி. இதை விட்டுவிட்டால் கூறு விற்கும் அம்மாதான் கொள்ளையடிக்கிறார் என்று அறிக்கை சொல்லும். பெயரும் தொலைபேசி எண்ணும் விலைத்தாளில் வேண்டாம், தனியாகப் பூட்டி வையுங்கள்.

கணக்கை எதோடு ஒப்பிடுவது? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ. சராசரியாகக் கிலோ 57 ரூபாய் என்றாலே 2,736 ரூபாய். இந்த ஒரு வரியைப் பலகையில் எழுதிக் கூட்டத்தில் காட்டுங்கள், பத்துப் பக்க அட்டவணையைவிட விளங்கும்.

முடிவை எடுத்துக்கொண்டு போக இடமும் இருக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இரவு நேர விற்பனைக்கு இடம் கேட்க வேண்டியது அங்கேதான். உழவர் சந்தை 1999-இல் தொடங்கியது மதுரையில்தான் என்றாலும், இரவு ஏழு மணிக்கு வேலை விட்டு வருபவருக்குக் காலைச் சந்தையால் என்ன பயன்?

*சாலையோரக் காலி மனையில் கீரை போடலாமா? மண் பரிசோதனை அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது.*
– குடியிருப்போர் சங்கம், தாம்பரம்

அந்த அட்டை தழை, மணி, சாம்பல் சத்துகளையும் கார அமில நிலையையும் சொல்லும், ஈயத்தைச் சொல்லாது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றாலும் மண்ணில் இறங்கிய ஈயம் போகாது. பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரமும் அப்படித்தான். கல்லூரி வேதியியல் துறையைக் கேட்க வேண்டியது இதற்குத்தான். பத்து இடத்தில் ஆங்கில 'வி' போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோ ஆக்குங்கள். சுவரோர மண்ணை இதில் கலக்காமல் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். முடிவு வரும்வரை கீரை, முள்ளங்கி வேண்டாம், மண்துகள் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும். வேறிடத்து மண் நிரப்பிய தொட்டியில் கத்தரி, வெண்டை போடலாம்.