அழகர்கோவில் வரை ஓட்ட எத்தனை பாட்டில் தண்ணீர்?

கேள்வி: புதிதாக ரோடு பைக் (தார் ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கியிருக்கிறேன். ஞாயிறு காலை அழகர்கோவில் போய்த் திரும்புவதுதான் திட்டம். எலக்ட்ரோலைட் மாத்திரை (தண்ணீரில் கரைக்கும் உப்புச்சத்து), எனர்ஜி ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்), புரோட்டீன் பவுடர் மூன்றும் வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையிலேயே எது தேவை? (மதுரை அண்ணாநகர் வாசகர்)

பதில்: இந்தத் தூரத்துக்கு மூன்றும் வேண்டாம். போய்வர சுமார் 40 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுபவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்தப் பணத்தில் நல்ல பாட்டில் இரண்டும், அவற்றைச் சைக்கிள் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் கேஜ் இரண்டும் வாங்குங்கள்.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று கணக்கு வைத்தால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரும். 750 மில்லி பாட்டில் இரண்டு போதும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்பும் சீனியும் கலந்தது (அளவு அடுத்த பதிலில்). தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு குடியுங்கள்.

உங்கள் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டுத் தராசே சொல்லும். கிளம்பும் முன்பும் வந்த பின்பும், வேர்த்த துணியைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அடுத்த வாரம் கூடக் குடிக்க வேண்டும். எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

புரோட்டீன் பவுடர் ஓட்டும்போது உதவாது. திரும்பி வந்து சாப்பிடும் இட்லி, சாம்பார், முட்டை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ்., பழச்சுவை டெட்ரா பேக், குளுக்கோஸ் பவுடர் எல்லாமே "உடனடி சக்தி" என்கின்றன. சைக்கிளுக்கு எது? (திருமங்கலம் வாசகர்)

பதில்: முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் சோடியம், சர்க்கரை என்ற இரண்டு வரிகளை மட்டும் படியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5. வயிற்றுப்போக்கில் இழந்த நீரை மீட்க உருவான கலவை இது. உப்பு தாராளம், சர்க்கரை கொஞ்சம்தான். ஒரு லிட்டர் முழுவதும் குடித்தாலும் 54 கலோரிதான் கிடைக்கும், காலுக்கு அது பற்றாது. குளுக்கோஸ் பவுடர் இதற்கு நேர் எதிர்: சர்க்கரை மட்டும் உண்டு, பல டப்பாக்களில் சோடியம் பெயருக்குக்கூட இருக்காது. ஆகத் தனியாக எடுத்தால் இரண்டுமே அரைகுறை.

டெட்ரா பேக் பானங்களில் பலவற்றின் சர்க்கரை, மேலே சொன்ன அளவைப்போல் பல மடங்கு. அந்தக் கலவையோடு ஒத்துப்போகாத பானங்கள் லேபிளில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய ஸ்டாக் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். வாங்குபவர்கள் செய்யும் வழக்கமான தப்பு, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது. கலவை இரண்டு மடங்கு கெட்டியாகி வயிறு புரட்டும். 200 மில்லிக்கான 4.2 கிராம் சிறு பாக்கெட் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. 600 மில்லி பாட்டிலுக்கு மூன்று.

வீட்டிலேயே கலக்குவதுதான் எங்கள் சிபாரிசு. 750 மில்லி தண்ணீருக்கு சீனி 45 கிராம், அதாவது மேசைக்கரண்டியால் தலைதட்டி மூன்றரை. தூள் உப்பு கால் தேக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி. சர்க்கரை 6 சதவீதம் வரும். 8 சதவீதத்தைத் தாண்டினால் வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும், ஓட்டும்போது தளும்பும். நன்னாரி சர்பத் பிடிக்குமென்றால் சீனிக்குப் பதில் அதையே ஊற்றலாம், உப்பை மட்டும் மறக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. திரும்பி வந்து குடியுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கிய பாட்டில் கேஜில் ஆடுகிறது, பிளாஸ்டிக் வாடையும் அடிக்கிறது. மாற்றுவதா? (ஒத்தக்கடை வாசகி)

பதில்: கேஜ்கள் சுமார் 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலுக்கு அளவெடுத்தவை. தண்ணீர் விற்கும் ஒரு லிட்டர் பாட்டில் பெரும்பாலும் அதைவிடப் பருமன். அரை லிட்டர் மெலிந்தது, வேகத்தடையில் துள்ளி விழும். சரியான பாட்டிலே ஆடினால் அலுமினிய கேஜைக் கையால் லேசாக உள்பக்கம் வளையுங்கள், 4 எம்எம் ஆலன் கீயால் (அறுகோணத் திருகுச் சாவி) திருகுகளையும் இறுக்குங்கள். ஸ்டீல் பாட்டில் வேண்டாம். பிதுக்க முடியாது என்பதால் தலையை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், அந்த நேரம் ரோட்டில் கண் இருக்காது.

வாடைக்கு, ஒரு கரண்டி சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். சர்பத் ஊற்றிய பாட்டிலை வந்தவுடன் கழுவி, மூடியைக் கழற்றிக் காய வையுங்கள். வாய்க்குழாயின் ரப்பருக்கு அடியில்தான் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை முதல்நாளே உறைய வைத்துக் காலையில் மேலே நிரப்புங்கள். முழுதாக உறைய வைத்தால் பாட்டில் விரியும்.

கேள்வி: நத்தம் வரை போக ஆசை. ஜெல் வாங்கலாமா, கடலை மிட்டாய் போதுமா? (மேலூர் வாசகர்)

பதில்: மதுரையிலிருந்து என்றால் போய்வர 70 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இவ்வளவு நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கால் சோர்ந்து, கண் இருட்டும். பாட்டிலில் இருக்கும் சீனியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெல் ஒன்றில் சுமார் 25 கிராம்; தண்ணீரோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அதே 25 கிராம் ஒரு நடுத்தர வாழைப்பழத்திலோ நாலு சிறு பேரீச்சம்பழத்திலோ கிடைக்கும். பழம் கொஞ்சம் செங்காயாக இருக்கட்டும், கனிந்த ரஸ்தாளி முதுகுப் பையில் கூழாகிவிடும். கடலை மிட்டாயில் பாதிக்கு மேல் கடலை. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். நிதானமாக ஓட்டும்போது நல்லது, உடனடி பலத்துக்கு ஆகாது. 40 நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மூன்று இட்லி சரி, வடை வேண்டாம். பரோட்டா திரும்பி வந்த பிறகு!

கேள்வி: வழிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று எம்.ஆர்.பி.க்கு மேல் 2 ரூபாய் வாங்குகிறார்கள். (ஊமச்சிகுளம் வாசகர்)

பதில்: தவறு. எம்.ஆர்.பி.யில் எல்லாம் அடக்கம், குளிர வைத்ததற்குத் தனிக் காசு கிடையாது. பில்லோ ஜி-பே ரசீதோ வைத்துக்கொண்டு, பாட்டிலில் அச்சிட்ட விலையையும் போட்டோ எடுத்து, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டலுக்கு இது பொருந்தாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது.