நியூட்ரல் இல்லாத பெட்டியில் ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமா?

பினாங்கில் பழைய பிளாட், சுவிட்சைக் கழற்றினால் இரண்டே சிவப்பு வயர், கறுப்பை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைக் காணோம் என்கிறீர்கள். போடலாம், ‘நியூட்ரல் தேவையில்லை’ என்று குறித்த வகையாக வாங்கினால். அது அணைந்திருக்கும்போதும் விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 5 வாட் எல்இடி அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் கண்சிமிட்டும். இதைத் தடுக்க, கூடவே வரும் கெப்பாசிட்டர் என்ற சின்னப் பாகத்தை விளக்குப் பக்கம், சுவிட்சிலிருந்து வரும் வயருக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். பலர் அதைச் சுவிட்ச் பெட்டிக்குள் திணித்துவிட்டு, பொருள் சரியில்லை என்பார்கள்.

பச்சை வயரை, அதாவது பாதுகாப்புக்கான எர்த்தை, நியூட்ரலாக்கவே கூடாது. மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழலாம், எர்த் எங்காவது அறுந்திருந்தால் விளக்கின் உலோக உடலே ஷாக் அடிக்கும்.

பெட்டியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், பல சுவிட்சுகளுக்கு 35 மில்லிமீட்டராவது வேண்டும். வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள்.